கலாராணி அக்காவுக்கு வந்த வசனம்

கலாராணி அக்காவைத் தெரியாதவர் எங்கள் கிறிஸ்தவ சபையில் இல்லை. ஆனால் இப்போது அவரைப் பற்றி இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். சபை அனுப்பாமல் தானாகக் கிளம்பிப் போய்விட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். யாரோ ஏமாற்றியதால் இருந்த வேலையையும் விட்டுவிட்டார் என்று வேறு சிலர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஏமாற்றியவள் நான். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். என் பெயர் பிரேமிளா. கண்டி மஹியாவையில் இருக்கிறேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த காலத்தில் இதைச் செய்தேன்.

கலாக்கா பிறந்தது கலஹாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில். அவருடைய அப்பா செல்லச்சாமி தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை செய்தார். நான்கு பிள்ளைகளில் கலாக்கா மூத்தவர். கணக்கில் கெட்டிக்காரி. பேராதனைக்குப் பஸ் ஏறி உயர்தரம் படிக்கப் போனவர், இரண்டாம் வருடத்தில் அப்பாவுக்குக் கையும் காலும் இழுத்துக்கொள்ள, படிப்பை நிறுத்திவிட்டுப் பல்லேகலையில் ஒரு கார்மென்ட் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே அவருக்குச் செக்கர் வேலை. தைத்து வரும் சட்டையை உள்பக்கம் திருப்பி, தையலின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்து, பிசகு இருந்தால் ஒதுக்கி வைக்க வேண்டும். பதினேழு வருடம் அதைச் செய்தார். அந்தப் பழக்கம் சபையிலும் போகாது. பேசிக்கொண்டே நம் சட்டைக் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார். "தையல் விட்டுருச்சு புள்ள, கழட்டிக் குடு" என்பார்.

இருபத்திரண்டு வயதில் அவர் ஒரு முறை மொனராகலைக்குப் போனார். எங்கள் சபை வாலிபர்கள் ஆறு பேர் பத்து நாள் ஊழியத்துக்காக அங்கே ஒரு றப்பர் தோட்டத்துக்குப் போனார்கள். அங்கிருந்த பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினார்கள். ஆனால் நடக்கும் தூரத்தில் இருந்த பாடசாலை சிங்களப் பாடசாலை என்பதால் தமிழில் தங்கள் பெயரைக்கூட அவர்களால் எழுத முடியவில்லை. கலாக்கா பகலில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். பின்னேரங்களில் றப்பர் ஷீட் காயவைக்கும் கொட்டிலின் சீமெந்துத் தரையில் சோக்கட்டியால் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். பத்தாம் நாள் வேனில் ஏறும்போது ஒரு பெண், பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வந்து, இனி எப்போது வருவீர்கள் என்று கேட்டாளாம். வந்துவிடுவேன் என்று இவர் சொன்னாராம். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன் என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். அதன் பிறகு பதினான்கு வருடம் போய்விட்டது.

ஏன் போகவில்லை என்று கேட்டால் முதல் எட்டு வருடத்துக்குக் காரணம் சொல்வது சுலபம். அப்பாவின் மருந்து, தம்பிமாரின் படிப்பு, தங்கச்சியின் கல்யாணம். பிறகு அப்பா காலமானார், தம்பிமார் வேலைக்குப் போனார்கள், அம்மா தங்கச்சியோடு போய்விட்டார். முப்பது வயதில் அவரைக் கட்டிப்போட யாரும் இருக்கவில்லை. மஹியாவையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து அறையில் தனியாக இருந்தார். அப்போதும் அவர் போகவில்லை. காரணம் இதுதான். எங்கள் சபையில் ஊழியத்துக்குப் போக விரும்பும் ஒருவர் சபைக்கு முன்னால் நின்று ஆண்டவர் தன்னோடு பேசினார் என்று சாட்சி சொல்ல வேண்டும். ஒருவருக்குக் கனவில் பேசியிருப்பார், இன்னொருவருக்கு ஒரு வசனத்தில். அதைக் கேட்டு மூப்பர்மார் சம்மதித்தால் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்புவார்கள். கலாக்கா வளர்த்த பிள்ளைகளில் நான்கு பேர் அப்படி நின்று சொல்லி, வவுனியாவுக்கும் மன்னாருக்கும் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பெட்டி கட்டிக் கொடுத்ததும் இவர்தான். ஆனால் அந்த ஒரு வரியை இவரால் சொல்ல முடியவில்லை.

"அவர் என்கூட ஒண்ணுமே பேசல பிரேமி," என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். "பேசாதவர பேசினாருன்னு எப்படிச் சொல்றது?"

வாலிபர்கள் அவரை இதை வைத்துக் கேலி செய்வதும் உண்டு. ஜனார்த்தனன் என்று ஒருவன், கலாக்காவின் மாணவன்தான், "ஆண்டவரோட அழைப்பு வந்திருக்கும்க்கா, நீங்க போன சைலன்ட்ல போட்டிருப்பீங்க" என்றான். அவர் சிரித்துக்கொண்டே, "நான் எடுத்துத்தான் இருக்கேன் தம்பி. அவருதான் அந்தப் பக்கம் பேச மாட்டேங்குறாரு" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு நாங்கள் உட்கார்ந்த கதிரைகளை அடுக்கப் போய்விட்டார்.

நான் அவரிடம் வந்தது கணக்கால்தான். எங்கள் வீட்டில் சுவாமி அறை இருக்கிறது. அப்பா மாநகர சபையில் வேலை செய்கிறார், அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையார் கோயிலுக்குப் போவார். நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் இருபத்தெட்டு வாங்கியபோது, சனிக்கிழமைகளில் கலாக்கா இலவசமாக வகுப்பு வைக்கிறார் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல் மாடியில்தான் எங்கள் சபை. சனிக்கிழமை பின்னேரம் அங்கே கலஹாவிலிருந்தும் ஹேவாஹெட்டவிலிருந்தும் தோட்டத்துப் பிள்ளைகள் வருவார்கள். டவுன் பாடசாலைப் பிள்ளைகளும் வருவோம். இரண்டு மணி நேரம் கணக்கும் சிங்களமும். அதற்குப் பிறகு அரை மணி நேரம் பாட்டும் ஜெபமும். கணக்கு முடிந்தவுடன் கலாக்கா கதவைத் திறந்து வைத்துவிடுவார். ஜெபத்துக்கு இருக்க விருப்பமில்லாதவர்கள் போகலாம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். நான் மூன்று மாதம் அந்தக் கதவால் இறங்கிப் போனேன். நான்காவது மாதம் ஒரு மழை நாளில் நின்றேன். பிறகு ஞாயிற்றுக்கிழமையும் போகத் தொடங்கினேன். அம்மாவுக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கணக்கில் ஏ வந்ததால் விட்டுவிட்டார்.

இனி அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜனவரி முதலாம் திகதி காலை ஆராதனையில் எங்கள் சபையில் எல்லோரும் ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். இரண்டு விரல் அகலமுள்ள அட்டைத் துண்டில் ஒரு வசனம் எழுதியிருக்கும். அவற்றைக் குப்புற வைத்து, தட்டில் பரப்பி, வெள்ளைத் துணியால் மூடியிருப்பார்கள். ஒவ்வொருவராக வந்து துணிக்குள் கைவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருடம் முழுவதற்கும் ஆண்டவர் நமக்குத் தரும் வார்த்தை அது. சிலர் அதைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். பர்சில் வைத்து வைத்து எழுத்து அழியும் வரை கொண்டு திரிகிறவர்களும் இருக்கிறார்கள்.

பத்துப் பன்னிரண்டு வருடமாக அந்த அட்டைகளை எழுதியது கலாக்காதான். உருண்டையான, ஒரே அளவான எழுத்து. போன டிசம்பரில் கார்மென்டுக்குப் பெரிய ஓடர் வந்து ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்றானதால், என்னை எழுதச் சொன்னார். எனக்குப் பரீட்சை முடிந்து ஒரு வாரம். வசனப் பட்டியலை அவர் தன் கையாலேயே எழுதித் தந்தார். அதைப் பார்த்துக்கொண்டு வந்தபோது, ஆண்டவர் ஒருவரைப் பார்த்து உன் இடத்தை விட்டுப் போ என்று சொல்கிற வசனம் அதில் இல்லை என்று கண்டேன். நாங்கள் எல்லோரும் அறிந்த வசனம். அது ஏன் இல்லை என்று கேட்டேன்.

அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அத நான் எழுதுறதில்ல."

"ஏன்க்கா?"

"எழுதினா அந்த அட்டை எதுன்னு எனக்குத் தெரிஞ்சிரும். மூல எப்படி வெட்டுப்பட்டிருக்கு, எங்க தடிப்பா இருக்குன்னு எல்லாம் தெரியும். என் வேலையே அதுதானே. கண்ண மூடினாலும் கை தேடிப் போயிரும். நானே எழுதி நானே எடுத்தா அது என்ன வாக்குத்தத்தம்?"

ஆக, தனக்கு மிகவும் வேண்டிய ஒன்றை இத்தனை வருடமாகத் தன் கையாலேயே தட்டிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார். அவர் எழுந்து கோப்பையைக் கழுவப் போனார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "இந்த வருஷம் நீதானே எழுதுற. வேணும்னா ஒண்ணு போடு. எங்கிட்ட சொல்லாத" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூற்று நாற்பது அட்டை. அதில் ஒன்று. அவர் எப்போதும் கடைசியாகத்தான் எடுப்பார், ஏனென்றால் எல்லோரும் எடுத்து முடியும் வரை மைக்கில் பாட்டு நடத்துவது அவர். அந்த அட்டை அவருக்கு வருவதற்கான நிகழ்தகவு ஒன்றுமில்லை என்பது போலத்தான். நிகழ்தகவைக் கற்றுத் தந்ததும் அவரே.

அன்றைக்கு அம்மா கோயிலிலிருந்து வந்திருந்தார். கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது பற்றி அம்மாவிடம் கேட்டேன். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ வைத்துச் சாமி முன்னால் போட்டு, எடுப்பதில் என்ன வருகிறதோ அதைச் சாமியின் பதிலாக எடுத்துக்கொள்வார்கள். நமக்கு வேண்டாத பூ வந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். அம்மா சிரித்தார். "வேண்டிய பூ வர்ற வரைக்கும் மறுபடி மறுபடி போடுவேன். சாமிக்கும் நம்ம மனசு விளங்க நேரம் வேணும்ல." அம்மா விளையாட்டாகச் சொன்னார். நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன். அந்த வசனத்தை மூன்று அட்டைகளில் எழுதினேன்.

ஜனவரி முதலாம் திகதி காலை தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். மூன்று அட்டையும் தட்டின் அடியில் என் உள்ளங்கையில் இருந்தன. எல்லோரும் எடுத்து முடிந்தபோது தட்டில் ஐந்து மிச்சம். போதகர் ஜீவன் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார், சபையும் கண்ணை மூடியிருந்தது. நான் துணிக்குள் அந்த ஐந்தையும் எடுத்து, மூன்றை வைத்தேன். "கலா, நீங்களும் வாங்க" என்று பாஸ்டர் கூப்பிட்டார். அவர் மைக்கை வைத்துவிட்டு வந்தார். சாரி முந்தானையில் கையைத் துடைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார்.

அவர் சந்தோஷப்படுவார், அழுவார் என்றெல்லாம் நான் நினைத்து வைத்திருந்தேன். அவர் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தட்டோடு குனிந்தேன். முகத்தைத் தூக்காமல் மெல்லிய குரலில் கேட்டார்.

"இது ஒண்ணுதானே போட்ட?"

"ஒண்ணுதான்க்கா" என்றேன்.

அடுத்த ஞாயிறு அவர் சபைக்கு முன்னால் நின்று, ஆண்டவர் என்னோடு பேசினார் என்று சொன்னார். நான்கு பேருக்குப் பெட்டி கட்டிக் கொடுத்தவர் அந்த வரியைத் தன் வாயால் சொல்ல, சபை எழுந்து நின்றது. பாஸ்டர் ஜீவன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பெப்ரவரி கடைசி ஞாயிறு அனுப்பும் ஆராதனை என்று தீர்மானமானது. மொனராகலையில் அதே தோட்டத்துக்குப் பக்கத்தில் தங்க ஒரு இடமும் பார்த்தார்கள். கலாக்கா கார்மென்டில் ஒரு மாத அறிவித்தல் கொடுத்தார்.

கார்மென்டில் அவருக்குப் பக்கத்து மேசை ரிஸ்னா தாத்தா. முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். அக்குறணைக்காரர், வாயில் எதுவும் நிற்காது. ஒரு ஞாயிறு பின்னேரம் வட்டிலப்பம் செய்துகொண்டு கலாக்காவின் அறைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"பதினாலு வருஷமா போகோணும் போகோணும்டு என்ட காதத் தின்டாள்," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "இப்ப ஒரு அட்டைத் துண்டு வந்த பொறகுதான் போறாளாம். ஆசண்டா போகோணும். பஸ் ஈக்கிதானே."

"அனுப்பினாத்தான் போகலாம் ரிஸ்னா," என்றார் கலாக்கா. "தானா போனா அது ஊர் சுத்துறது."

"ஊர் சுத்தினா என்ன, புள்ளையள் படிக்காதா?"

கலாக்கா சிரித்து அவர் வாயில் வட்டிலப்பத்தை ஊட்டிவிட்டார். அந்த மாதம் முழுவதும் அவர் அப்படித்தான் இருந்தார். நடையே மாறிவிட்டது. முப்பத்தாறு வயதில் ஒருவர் திடீரென்று அழகாக முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. நான் அவரைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் மிச்சமிருந்த இரண்டு அட்டைகளும் ஞாபகம் வந்தன. ஆனால் அவர் போகப்போகிறார், அதுதானே வேண்டும், இதில் யாருக்கு என்ன நட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெப்ரவரி நடுவில் ஒரு சனிக்கிழமை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் போய்விட்டார்கள். இனி இந்த வகுப்பை நீதான் நடத்த வேண்டும் என்று சொல்லி, வரவுக் கொப்பியை என்னிடம் தந்தார். பிறகு என் வலது கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்தக் கை எழுதினது" என்றார். "எனக்கு ஒரு பயம் இருந்துச்சு பிரேமி. யார்கிட்டயும் சொன்னதில்ல. ஆண்டவர் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுறாரு. என் பேரு அவருக்குத் தெரியாதோன்னு நெனச்சிருந்தேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்கு வேண்டியிருந்தது மொனராகலை மட்டுமில்லை. அந்த ஊரை நான் அவருக்குக் கொடுத்திருக்கலாம். மற்றது நான் கொடுக்கக்கூடிய பொருளே இல்லை. நான் கொடுத்தது போலியானது.

மூன்று அட்டை எழுதினேன் என்று சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. மூன்றிலும் அதே வசனம், கடைசியில் தட்டில் இருந்தது அந்த மூன்று மட்டும்தான் என்றேன். பிடித்திருந்த என் கையை மெதுவாக விட்டார்.

"மத்த ரெண்டும் எங்க?"

"வீட்டுல, அலுமாரிக்குள்ள."

"கொண்டு வா."

நான் ஓடிப் போய் எடுத்து வந்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். தன்னுடைய அட்டையைப் பையிலிருந்து எடுத்து மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சட்டைத் தையலைப் பார்ப்பது போல ஒவ்வொன்றின் மேலும் கட்டைவிரலை ஓட்டினார்.

"வித்தியாசமே இல்ல," என்றார். "நல்லா எழுதியிருக்க."

அவர் என்னை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்குப் போ என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு பாஸ்டர் ஜீவனிடம் போனார். நடந்ததை அவரே சொன்னார், எனக்கு வாய் திறக்க வேலை வைக்கவில்லை. பாஸ்டர் நல்ல மனிதர். வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியாது என்றதும் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, ஒரு பிள்ளையின் தவறைக்கூட ஆண்டவர் நல்லதுக்குப் பயன்படுத்துவார், நீங்கள் போகத் தகுந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, இது இந்த அறைக்குள்ளேயே இருக்கட்டும், அனுப்பும் ஆராதனையை நடத்துவோம் என்றார். உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது.

கலாக்கா தலையாட்டவில்லை.

"அந்த மைக்குக்கு முன்னால நின்னு அவர் பேசினாருன்னு சொன்னேன் பாஸ்டர். அதே எடத்துல நின்னு பேசலன்னும் சொல்லணும்."

"சொன்னா மூப்பர்மார் அனுப்ப மாட்டாங்க கலா."

"தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து போனார். பயணத்தைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று சபை புன்னகையோடு பார்த்தது. அவர் அதிகம் பேசவில்லை. "எனக்கு வந்த வசனம், வந்தது இல்ல. வச்சது. வச்சவங்க என் மேல உள்ள பாசத்துல வச்சாங்க, அவங்கள யாரும் ஒண்ணும் கேக்க வேணாம். ஆண்டவர் என்கூடப் பேசல. எனக்குப் போகணும்னு ஆச. அவ்வளவுதான்."

தட்டைப் பிடித்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். பல தலைகள் என் பக்கம் திரும்பின. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த மைக்கில் எத்தனையோ பேர் எத்தனையோ பெரிய வார்த்தைகள் சொல்லியிருக்கிறார்கள். ஆசை என்ற வார்த்தையை ஊழியத்துக்குப் போகும் ஒருவர் அங்கே சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு என்ன பாட்டுப் பாடினோம் என்பது எனக்கு ஞாபகம் இல்லை.

மூப்பர்மார் கூடிப் பேசினார்கள். கோபமாக ஒருவரும் பேசவில்லையாம். உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொன்னார்கள். ஆனால் ஆசையை மட்டும் வைத்து ஒருவரை அனுப்ப முடியாது, ஒரு வருடம் காத்திருந்து ஜெபிப்போம் என்று முடிவு செய்தார்கள். இதற்குள் கார்மென்டில் அவருடைய இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். திரும்பி வருவதென்றால் புதிய ஆளாகக் கீழிருந்து சேர வேண்டும் என்றார்கள். அதைக் கேட்டு ரிஸ்னா தாத்தா சூப்பர்வைசரோடு சண்டை போட்டது தனிக்கதை.

ஒரு வாரம் கலாக்காவின் அறைக் கதவு சாத்தியே இருந்தது. நான் தினமும் அதைத் தாண்டிப் போவேன். தட்டுவதற்குக் கை எழவில்லை. எட்டாம் நாள் அவராகவே கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். கட்டிலில் ஒரு பயணப் பை, பாதி நிரம்பி இருந்தது.

"போறேன்" என்றார்.

சபை ஒரு வருடம் காத்திருக்கச் சொன்னதே என்றேன். சபையிடம் சொல்லிவிட்டேன், அவர்களை நான் கோபிக்கவில்லை, இல்லாததை இருக்கிறது என்று அவர்களால் எப்படிச் சொல்ல முடியும் என்றார். மொனராகலை டவுனிலும் கார்மென்ட் இருக்கிறது, செக்கர்மாரைத் தேடுகிறார்கள், ரிஸ்னா விசாரித்துச் சொன்னாள் என்றார். ஆண்டவரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க போன்னும் சொல்லல, போகாதன்னும் சொல்லல. வேணாம்னா பஸ்ஸ நிப்பாட்டிருங்கன்னு சொன்னேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சட்டை மடிப்பதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அவர் அந்தப் பதிலுக்காக இன்னும் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. போக வேண்டும் என்ற ஏக்கம் தீரப் போகிறது. போகச் சொல்ல ஒருவர் வேண்டும் என்ற ஏக்கம் அவரோடு கூடவே பஸ் ஏறப் போகிறது.

குட்செட் பஸ் நிலையத்திலிருந்து காலை பஸ். வழியனுப்ப நானும் ரிஸ்னா தாத்தாவும் போனோம். தாத்தா சோற்றுப் பார்சலை அவர் மடியில் வைத்து, "கறிய முதல்ல தின்டுரு, ஊசிப் போயிரும்" என்று மூன்று தடவை சொன்னார். பஸ் கிளம்பப் போகும் நேரத்தில் பாஸ்டர் ஜீவன் வேகமாக நடந்து வந்தார். வருவதாக யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கலாக்கா படியில் இறங்கி நின்றார். பாஸ்டரின் வலது கை மேலே எழுந்தது, ஜெபிக்கும்போது தலையில் வைக்க எழுமே, அப்படி. கலாக்காவும் தன்னை அறியாமல் தலையைக் குனிந்துவிட்டார். பாதியில் அந்தக் கை நின்றது. மூப்பர்மாரின் தீர்மானம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கையைப் பக்கத்தில் இருந்த கம்பியில் வைத்துக்கொண்டு, "கவனமா போங்க கலா" என்றார். கலாக்கா குனிந்த தலையை நிமிர்த்த கொஞ்சம் நேரம் எடுத்தது.

பஸ்ஸை ஒருவரும் நிறுத்தவில்லை.

இதெல்லாம் நடந்து ஏழு மாதமாகிறது. பகலில் கார்மென்ட், பின்னேரங்களில் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், வகுப்பு என்று அவர் அங்கே இருக்கிறார். முதலில் மூன்று பிள்ளைகள், இப்போது பதினொரு பேர். பெயர் தெரியாத அந்தப் பெண்ணைத் தேடினார். இந்தப் பதினான்கு வருடத்தில் பல குடும்பங்கள் அங்கிருந்து போய்விட்டன என்றார்கள். சனிக்கிழமைகளில் இங்கே நான் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். கதவைத் திறந்தும் வைக்கிறேன். பாட்டு நடத்த எனக்கு வராது, ஜனார்த்தனன் வந்து நடத்துகிறான். முன்பு போலப் பிள்ளைகள் கூட்டமாக வருவதில்லை. சிலருடைய பெற்றோர், நடந்ததைக் கேள்விப்பட்டு அனுப்பவில்லை என்று நினைக்கிறேன். அது நியாயம்தான். என் பெறுபேறு வந்துவிட்டது. பல்கலைக்கழகத்துக்கு எடுபடுவேனா என்பது இன்னும் நிச்சயமில்லை. எங்கேயாவது போக வேண்டும் என்று எனக்கும் உள்ளுக்குள் ஓயாமல் இருக்கிறது. எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் போன் எடுப்பார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார், யார் பின்னத்தில் தடுமாறுகிறார்கள் என்று பெயர் சொல்லிக் கேட்பார். அட்டையைப் பற்றி ஒரு தடவையும் பேசியதில்லை. போன ஞாயிறு நானே கேட்டுவிட்டேன். மன்னிப்பைப் பற்றி இல்லை. ஆண்டவர் இப்போதாவது பேசினாரா என்று.

அந்தப் பக்கம் பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசிக்கும் சத்தம் கேட்டது. கலாக்கா அவர்களைக் கொஞ்சம் மெதுவாக வாசிக்கச் சொன்னார். பிறகு போனுக்குத் திரும்பினார்.

"இன்னும் இல்ல புள்ள."

அவருக்காக நான் ஜெபிக்கட்டுமா என்று கேட்டேன்.

"கேளு," என்றார். "ஆனா கேக்குறதோட நிப்பாட்டிக்க."

ஒரு நொடி கழித்துத்தான் அது எனக்கு விளங்கியது. அந்தப் பக்கம் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை.

இப்போது ஒவ்வொரு நாளும் அவர் பெயரைச் சொல்லிக் கேட்கிறேன். கலாராணி, செல்லச்சாமியின் மகள், மொனராகலையில் இருக்கிறார் என்று விலாசத்தோடு சொல்கிறேன். வேறு ஒன்றும் செய்வதில்லை.